காகிதமா, கைப்பேசியா: வெள்ளச் சேதக் கணக்கெடுப்பின் செலவுக் கணக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் வீட்டுச் சேதங்களைக் கணக்கெடுக்க எங்கள் தொண்டு அமைப்பு முடிவெடுத்தபோது, அச்சிட்ட படிவமா, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கோபோ டூல்பாக்ஸ் (களத்தில் தரவு சேகரிக்க உதவும் மென்பொருள்) படிவமா என்ற கேள்வி வந்தது. கைப்பேசியைத் தேர்ந்தெடுத்தோம், அடுத்த முறையும் அதற்கே என் வாக்கு.

அச்சுக்கூலியையும் கைப்பேசி விலையையும் ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை. களப்பணியாளர்களிடம் கைப்பேசி இருக்கிறது, இணையம் இல்லாத தெருவிலும் படிவத்தை நிரப்பிச் சேமிக்கலாம். நாட்படி, பயணப்படி, பயிற்சி ஆகியவை இரு முறைக்கும் ஏறக்குறைய ஒன்றே.

செலவைத் தீர்மானிப்பது களவேலை முடிந்த பின் வருவதுதான். எல்லா வீடுகளுக்கும் போகாமல் மாதிரிக்குச் சில வீடுகளை மட்டும் எடுத்தால், 95 விழுக்காடு நம்பக அளவுக்கும் 5 விழுக்காடு பிழை வரம்புக்கும் (அதாவது, முடிவு உண்மை நிலையிலிருந்து 5 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் விலகாது என்று 95 விழுக்காடு நம்புவதற்கு) ஏறத்தாழ 385 குடும்பங்கள் வேண்டும். கழிபடும் படிவங்களுக்கு இடம்விட்டு 400 என்று கொள்வோம். ஒருவர் நாளுக்கு 10 வீடுகளை முடித்தால் 40 ஆள்நாள் (ஒருவரின் ஒரு நாள் உழைப்பு ஓர் ஆள்நாள்). காகிதம் என்றால், நாளுக்கு 30 படிவம் வீதம் கணினியில் ஏற்றவும், பிழை பிடிக்க இருவர் தனித்தனியே ஏற்றி ஒப்பிடவும் மேலும் 27 ஆள்நாள் ஆகும். களத்தில் செலவாவதில் மூன்றில் இரண்டு பங்கான இந்த உழைப்பு, வரவுசெலவுத் திட்டத்தில் பெரும்பாலும் ‘இதர செலவுகள்’ என்ற ஒற்றை வரிக்குள் ஒளிந்துகொள்கிறது.

அதைவிடப் பெரிய செலவு மறுபயணம். குடும்பத்தில் 5 பேர் என்று குறித்துவிட்டு 4 பேரின் வயதை மட்டும் எழுதிய காகிதப் படிவம், சில வாரம் கழித்துக் கணினியில் ஏற்றும்போதுதான் கண்ணில் படும். அதற்குள் வாடகைக்கு இருந்த அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கலாம். கைப்பேசியிலோ, ஐந்தாவது வயதும் பதிவாகாமல் படிவம் முடியாதபடி நிபந்தனை எழுதிவிடலாம். அன்றன்று மாலை வந்துசேரும் பதிவுகளை மேற்பார்வையாளர் பார்த்து, ஐயமுள்ள வீடுகளுக்கு மறுநாள் காலையிலேயே ஆளனுப்பலாம். அந்த நிபந்தனைகளை எழுதிச் சோதிக்கவும் ஆள்நாள் பிடிக்கும், அதற்கும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது ஒருமுறைச் செலவு.

சில பத்து வீடுகளே என்றால் காகிதம் போதும். நாள்கணக்கில் மின்சாரம் வராத இடத்தில், பவர் பேங்க் இருந்தாலும் சில அச்சுப் படிவங்களைப் பையில் வைத்திருப்பது நல்லது.

நேரில் போகாமல் தொலைபேசியில் விசாரிப்பது இரண்டையும்விட மலிவு என்கிறார்கள். பின்தொடர் விசாரணைக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தியிருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருந்தாலும், வெள்ளத்தில் கைப்பேசியையே இழந்த குடும்பங்கள் கணக்கில் விடுபட்டுவிடும் என்பதால், முதல் கணக்கெடுப்புக்கு அதை நம்பி நிதி கேட்க எனக்குத் தயக்கம்தான்.