நாலு வருடம் காதில் இருந்த ஹெட்போன்

போன வாரம்தான், வெளிச் சத்தத்தை அடக்கும் என் ஹெட்போனுக்கு இரண்டாவது முறையாகக் காது மெத்தை மாற்றிக்கொண்டு வந்தேன். அன்றைக்கென்று சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, நீ போட்டிருப்பியே அந்த ஹெட்போன், அதை இவனுக்கு வாங்கலாமா?" அவள் பையனுக்கு ஆறு வயது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுகிறான். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன். 2021இல் 19,000 ரூபாய்க்கு வாங்கினேன், பிறகு அதே மாடல் 12,000க்கு இறங்கியது.

நான் இதைப் பாட்டுக் கேட்க வாங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குச் சத்தமும் துணியும் ஒத்துக்கொள்ளாது. யூனிஃபார்ம் காலரில் இருக்கும் லேபிளை அம்மா பிளேடால் பிரித்துக் கொடுத்தால்தான் பள்ளிக்கூடம் போவேன். பிரித்த இடத்தில் ஒரு நூல் மிச்சமிருந்தாலும் அன்றைக்குப் பாடம் மண்டையில் ஏறாது. ஏழு வயதில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். புதுப் பட்டுப்பாவாடையின் ஜரிகை இடுப்பை அறுத்துக்கொண்டிருக்கிறது, கெட்டிமேளம் கொட்டியதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மங்கல வாத்தியம் வாசிக்கும்போது காதைப் பொத்தக் கூடாதென்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்தார். ஆச்சிதான் என்னைத் தூக்கிக்கொண்டு போய், மண்டபத்துக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறையில் உட்காரவைத்தாள். கதவைச் சாத்தியதும் தவில் எங்கோ பக்கத்து ஊரில் வாசிப்பது போல ஆகிவிட்டது. சாக்கு வாசனையும், ஆச்சி என் முதுகை அழுத்தித் தேய்த்ததும் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. லேசாகத் தடவினால் எனக்குக் கூசும், அழுத்தினால்தான் அடங்கும். அது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

மற்றவர்களுக்கு நான் பிடிவாதக்காரி, சிணுங்கி, செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனவள். 26 வயதில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யப் பயிற்சி தருபவர்) சொன்ன பிறகுதான், புலன்களில் வருவதை என் மூளை வாங்கிக்கொள்ளும் விதமே வேறு என்று புரிந்தது. அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்பவர் 1972லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டாராம். நான் பிறந்தது 1991. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், இரண்டு பேரும் அழுதோம்.

சரி, ஹெட்போனுக்கு வருகிறேன். வாங்கிய மறுநாள் தாம்பரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். இன்ஜின் உறுமல் அப்படியே கீழே இறங்கிவிட்டது. அதுவரை என் தோள் காதுவரை தூக்கிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது, அது இறங்கியபோதுதான் தெரிந்தது. ஆனால் பெரிய சந்தோஷம் பஸ்ஸில் இல்லை, சாயங்காலத்தில். முன்பெல்லாம் ஆபீஸ் விட்டு வந்தால் ஒரு மணி நேரம் விளக்கை அணைத்துப் படுத்திருப்பேன், யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இப்போது நேராக அடுக்களைக்குப் போய் அம்மாவுடன் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்கே 19,000 தகும்.

குறை இல்லாமல் இல்லை. குக்கர் விசிலுக்கும், எவர்சில்வர் தட்டைச் சுரண்டும் சத்தத்துக்கும் இது ஒன்றும் செய்யாது. வெளிச் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அடக்குவதுதான் இதன் வேலை. ஒரே சீராக ஓடும் கனத்த சத்தம் என்றால் அது நடக்கும். திடீரென்று வீலென்று வருவதற்கு நடக்காது. போஸ் கம்பெனியை நிறுவிய அமர் போஸ் என்பவருக்கு 1978இல் இந்த மாதிரி ஹெட்போன் செய்யும் யோசனை வந்ததே விமானத்தில் இன்ஜின் இரைச்சலுக்கு நடுவில்தான். (என்னுடையது அவர் கம்பெனி ஹெட்போன் இல்லை.) இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துதான் வாங்கினேன்.

எனக்குப் பொறுக்காதது வேறு. சார்ஜ் குறைந்தால் இது பேசும். அதுவும் காதுக்குள், நான் வைத்திருக்கும் ஒலி அளவைப் பற்றிக் கவலையே இல்லாமல், ஒரு பெண் குரலில் "பேட்டரி லோ" என்று ஒரு போடு. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். அமைதிக்காக வாங்கிய பொருள், சத்தம் தாங்க முடியாமல் அதை மாட்டிக்கொண்டவளின் காதுக்குள்ளேயே கத்துகிறது. அந்தக் குரலைக் குறைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. போன வருடம் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது அப்படிக் கத்தி, உடம்பெல்லாம் நடுங்கி, இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். சர்வீஸ் சென்டரில் கேட்டால், "எல்லாத்துலயும் அப்படித்தான் மேடம்" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் தப்பில்லை. இதைச் செய்தவர்கள் காது நோகிற ஒருவரிடமாவது கொடுத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

அப்புறம் அந்தக் காது மெத்தை. நம் ஊர் வியர்வைக்கு ஒன்றரை வருடத்தில் தோல் உரிந்து, கறுப்புத் துணுக்குகளாகக் காது மடலில் ஒட்டுகிறது. லேபிள் நூலையே தாங்காதவளுக்கு அது எப்படி இருக்கும்! மாற்றுவதற்கு 1,400 ரூபாய். நாலு வருடமாகியும் சார்ஜ் நன்றாக நிற்கிறது, ஒருமுறை மாடிப்படியில் உருண்டும் உடையவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் தீர்ப்பு, இதை வாங்காதீர்கள். இன்று காலையிலும் ஒருமுறை கத்திவிட்டது, அந்தக் கோபத்தோடுதான் சொல்கிறேன். என்னுடையது நாளைக்கே தொலைந்தால் சாயங்காலத்துக்குள் இதையேதான் வாங்குவேன், அதுவும் உண்மை.

பையனுக்கு இது வேண்டவே வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். தொழிற்சாலைகளில் மாட்டுகிற காது மூடி இருக்கிறதே, அதில் குழந்தைகள் அளவும் கிடைக்கும். பேட்டரி கிடையாது, எதுவும் பேசாது, மிக்ஸி, விசில் மாதிரி கீச்சென்ற சத்தங்களை அதுதான் நன்றாகத் தடுக்கும். அதையும் நாள் முழுக்க மாட்டி விடக் கூடாது. அமைதியிலேயே இருந்து பழகினால் சின்னச் சத்தமும் பெரிதாக உறைக்கும் என்று தெரபிஸ்ட் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். மிக்ஸி போடும் முன் "போடப் போறேன்டா" என்று அவனிடம் ஒரு வார்த்தை சொன்னாலே பாதி பயம் போய்விடும். வகுப்பில் காது மூடியை யாரும் பிடுங்காமல் இருக்க டீச்சரிடம் முன்னாலேயே பேசி வைக்க வேண்டும். தீபாவளிக்கு வெடிக்க நேரம் குறித்திருந்தாலும் அவர்கள் தெருவில் நள்ளிரவு வரை வெடிக்கிறார்கள். அதனால் முதல் நாளே அவனை இங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்னறை ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருக்கிறேன், ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.