பச்சை மூடி போட்ட குழாய்

நாங்கள் ஊருக்கு வந்து இறங்கிய அன்று ராத்திரியே அப்பாவுக்குக் காய்ச்சல். பயணம், சிம் கார்டு, வங்கி வேலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன, அதையெல்லாம் எழுதப் போவதில்லை. ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் வந்து ஒரு மாதம் ஆகியும் ஆத்திரம் அடங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அப்பா சொன்னதுமே டாக்டர் டெங்கு மாதிரி இருக்கிறது என்றார். மூன்று நாள்தானே ஆகிறது, வைரஸ் ரத்தத்தில் இருக்கிற நேரம், அதன் மரபணுவை நகலெடுத்துப் பெருக்கித் தேடுகிற பிசிஆர் செய்தால் நேரடியாகவே மாட்டும், வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற ஐஜிஎம் ஆன்டிபாடியை இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மொத்தம் ஐந்து நிமிடம். நான் இருக்கிற நாட்டில் இந்த ஐந்து நிமிடத்துக்கு நாலு நாள் காத்திருக்க வேண்டும், அதற்குள் காய்ச்சலே போய்விடும். இதுவரை ஊருக்கு ஜே.

அப்புறம் லேப். எங்கள் காலத்து லேபை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிட் வாசனை, ஒற்றை மைக்ராஸ்கோப், விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு இழுப்பு, சாயங்காலம் வாங்க. இப்போது கண்ணாடிக் கதவும் டோக்கன் திரையும் வந்திருந்தன, உள்ளே நுழைந்தவுடன் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ரத்தம் எடுத்த தம்பி ஊதா மூடி டப்பாவில் கையை விட்டுத் துழாவினார், காலி. பக்கத்து டப்பாவிலிருந்து பச்சை மூடி போட்ட குழாயை எடுத்தார். வேறு நிறமா இருக்கே என்று கேட்டேன்.

"ரெண்டுமே ரத்தம் உறையாம வெக்கிறதுதான் சார்."

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுநாள் சாயங்காலம் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. பாசிட்டிவ் இல்லை, நெகட்டிவும் இல்லை, 'இன்வாலிட்', அதாவது செல்லாது. நேரில் போய்க் கேட்டால் கவுன்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "ஒண்ணும் வரலைன்னா நெகட்டிவ்தான் சார், பயப்படாதீங்க" என்றார். அங்கேதான் நான் கத்திவிட்டேன். பிசிஆரில் வைரஸை மட்டும் தேடுவதில்லை, கட்டாயம் வந்தே தீர வேண்டிய இன்னொரு மரபணுத் துண்டையும் கூடவே தேடுவார்கள், சோதனை ஒழுங்காக நடந்ததா என்பதற்கு அதுதான் சாட்சி. சாட்சி வந்து வைரஸ் வராவிட்டால் நெகட்டிவ். சாட்சியும் வரவில்லை, வைரஸும் வரவில்லை என்றால் சோதனையே நடக்கவில்லை என்று பொருள். இதை ஒருவர் நெகட்டிவ் என்று வாய்கூசாமல் சொல்கிறார், இன்னொரு குடும்பம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கும்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டெக்னீஷியன் பெண் ஒருவர் வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஒரே கேள்விதான் கேட்டார்: "அண்ணா, பச்சை மூடியிலயா எடுத்தாங்க?"

பச்சை மூடியில் இருப்பது ஹெப்பரின். ரத்தத்தை உறையவிடாது, சரி, ஆனால் பிசிஆரில் நகலெடுக்கிற என்சைமையும் வேலை செய்யவிடாது. ஊதா மூடியில் இருப்பது ஈடிடிஏ, அதுதான் இதற்கு வேண்டியது. இவ்வளவுதான் விஷயம். இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

எனக்கு என்ன தோன்றியதோ, மெஷினைப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே விடமாட்டோம், கண்ணாடி வழியாகப் பாருங்கள் என்று காட்டினார். ரசாயனம் கலக்க ஓர் அறை, ரத்தத்திலிருந்து வைரஸின் மரபணுவான ஆர்என்ஏவைப் பிரிக்க ஓர் அறை, மெஷினுக்கு ஓர் அறை. ஆளும் சரி சாமானும் சரி, ஒரே திசையில்தான் போக வேண்டும், மெஷின் அறையிலிருந்து எதுவும் முதல் அறைக்குத் திரும்பக் கூடாது, ஏனென்றால் பெருகிய துண்டில் ஒரு துளி ஒட்டிக்கொண்டு போனாலும் அடுத்த நாள் எல்லாரும் பாசிட்டிவ் ஆகிவிடுவார்கள். மெஷின் மைக்ரோவேவ் அடுப்பு அளவுதான். 96 குழி உள்ள தட்டு, முதலில் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிக்கொள்ளும், அப்புறம் 95 டிகிரிக்கு ஏறும், 60க்கு இறங்கும், மறுபடி ஏறும், இப்படி 40 சுற்று. சாதாரண என்சைம் அந்தச் சூட்டில் வெந்தே போகும். இது தாங்குவதற்குக் காரணம், அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டுபிடித்த பாக்டீரியாவிலிருந்து வந்த வகை. திரையில், நகல் பெருகுவதைக் காட்டுகிற கோடு, யாருடையதோ, தரையோடு தரையாக ஓடி 24ஆவது சுற்றில் சரசரவென்று மேலே கிளம்பியது. நான் இருக்கிற நாட்டில் பத்து வருடமாகச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன், லேப் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது, ஆப்பில் எண் மட்டும் வரும். இங்கே ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு எனக்குக் கோடு காட்டுகிறார். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அஞ்சாம் நாள் ஆயிடுச்சுண்ணா, வைரஸ் குறைய ஆரம்பிச்சிருக்கும். பிசிஆரோட, வைரஸோட புரதத்தைத் தேடுற என்எஸ்1, ஐஜிஎம் ரெண்டையும் சேர்த்தே பாத்துடுங்க" என்று அவரே சொல்லி, மறுநாள் காலை அவரே எடுத்தார். ஊதாவில் ஒன்று, சிவப்பில் ஒன்று.

டெங்கு பாசிட்டிவ், சிடி 33. மாமாவுக்கு ரிப்போர்ட்டை அனுப்பியதும் போன்: "33ஆ? பக்கத்து வீட்டுப் பையனுக்கு 23தானே வந்துச்சு, இவருக்கு ஜாஸ்தியா இருக்கே!" சிடி என்பது எத்தனையாவது சுற்றில் கோடு கிளம்பியது என்பதுதான் மாமா, எண் கூடினால் வைரஸ் குறைவு, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பதால் பத்துச் சுற்று தள்ளி வந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்று மூன்று தடவை சொன்னேன். எதற்கும் பார்த்துக்கோ என்று வைத்துவிட்டார்.

நேர்மையாகச் சொன்னால் இத்தனை கூத்துக்கும் வைத்தியம் மாறவில்லை. பாராசிட்டமால், நிறைய நீர், ஆஸ்பிரின் கூடாது, தினமும் பிளேட்லெட் எண்ணிக்கை. டாக்டர் பார்த்த அன்றே அதைத் தொடங்கிவிட்டார். அப்பா பத்தாம் நாள் எழுந்து நடமாடினார். வருகிறவர்களிடமெல்லாம் அந்த இன்வாலிட் ரிப்போர்ட்டைத்தான் எடுத்து நீட்டுகிறார், "என் ரத்தத்தைப் பாத்து மெஷினே திணறிப்போச்சு" என்று.