எர்லாங்கில் ஆட்டம் பெருக்கம்: கிராஷ் டம்ப்பா, டிரேஸிங்கா?

எர்லாங் நிரல்மொழியில் ஒருமுறை உருவான ஆட்டம் (atom, தன் பெயரையே மதிப்பாகக் கொண்ட மாறிலி) நினைவகத்திலிருந்து நீக்கப்படுவதே இல்லை. ஆட்டம்களின் எண்ணிக்கை இயல்பு வரம்பான 10,48,576-ஐத் தாண்ட முயன்றால், நிரலை இயக்கும் மெய்நிகர் இயந்திரமே விழுந்துவிடும்.

இந்தப் பெருக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிய இரு வழிகள் உண்டு. ஒன்று கிராஷ் டம்ப், அதாவது நோடு (இயங்கும் எர்லாங் மெய்நிகர் இயந்திரம்) விழும்போது அதன் நிலையை எழுதிவைக்கும் கோப்பு. அதில் கடைசியாக உருவான ஆட்டமே முதலில் நிற்பதால், “செஷன்_8842”, “செஷன்_8841” போன்ற பெயர்களைக் கண்டதுமே எந்தத் தரவு ஆட்டமாக மாறுகிறது என்பது விளங்கிவிடும். ஆனால் அதைப் பெற, இயங்கும் நோடையே நிறுத்தியாக வேண்டும்.

மற்றொன்றான டிரேஸிங், அதாவது செயற்கூறு அழைப்புகளை ஓடும்போதே கண்காணிப்பது, நோடை நிறுத்தாமலேயே, தரவை ஆட்டமாக மாற்றும் லிஸ்ட்_டு_ஆட்டம், பைனரி_டு_ஆட்டம் ஆகியவற்றை எந்தச் செயற்கூறு அழைக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பைனரித் தரவை எர்லாங் மதிப்பாக மாற்றும் பைனரி_டு_டெர்ம் வழியாக நுழையும் ஆட்டம்கள் இவற்றில் சிக்குவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டும். அழைப்புகள் மிகுந்த நோடில் டிரேஸ் செய்திகளே சுமையாகிவிடும் என்பதால், எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது கட்டாயம். சேவையிலுள்ள நோடுக்கு நான் டிரேஸிங்கையே பரிந்துரைப்பேன். டம்ப், ஏற்கெனவே விழுந்துவிட்ட நோடுக்கு உரியது.