ஓப்பன்சிவி போட எது தோது: பிப்பா, ஆப்ட்டா, சோர்ஸா?

நெல் இலையைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் குலைநோயா, இலைச்சுருட்டுப் புழுவா என்று சொல்லும் புராஜெக்ட், தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் கல்லூரிகளில் புதிதல்ல. அதில் கைவைத்ததும் முதலில் தேவைப்படுவது, படங்களைக் கணினி ஆராய உதவும் ஓப்பன்சிவி. 1999-இல் இன்டெலில் தொடங்கிய நிரல் நூலகம், இன்றும் இலவசம். உபுண்டு லினக்ஸில் இதைப் போட மூன்று வழி: பைத்தானின் நிறுவி பிப், உபுண்டுவின் நிறுவி ஆப்ட், சோர்ஸை (மூல நிரலை) இறக்கி நாமே கம்பைல் செய்வது (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது). பழைய டுடோரியல்கள் பலவும் மூன்றாவதிலேயே தொடங்குவதால் பிள்ளைகளும் நேராக அங்கே போய் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது வேண்டாத வேலை என்பதே என் கட்சி.

பைத்தானில் மட்டும் எழுதுகிறவருக்கு பிப் போதும். சுமார் 60 எம்பி, அதற்குத் தேவையான கணக்கு நூலகம் நம்பை தனி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினாலும் அன்றைய டேட்டாவில் மிச்சம் இருக்கும். கல்லூரி லேபில் சூடோ (நிர்வாகி) பாஸ்வேர்டு தரமாட்டார்கள். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (பைத்தானுக்கான தனி ஃபோல்டர்) ஒன்றை உருவாக்கி அதற்குள் போட்டுக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். திரையில் ‘பில்டிங் வீல்’ என்று வந்து வெகுநேரம் அசையாமல் நின்றால், உங்கள் கணினிக்கு ஏற்ற ரெடிமேட் கோப்பு கிடைக்காமல் பிப் தானே கம்பைல் செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். பிப்பைப் புதுப்பித்துவிட்டு மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆப்ட், சி பிளஸ் பிளஸ் எழுதுபவர்களுக்கு. உபுண்டு 22.04-இல் 4.5.4 கிடைக்கும், 24.04-இல் 4.6. புதிய பதிப்பு கேட்பவருக்கு எரிச்சலாக இருக்கும். இறுதியாண்டு முடியும்வரை பதிப்பு மாறாமல் இருந்தால் போதும் என்பவருக்கு இதுவே நிம்மதி.

சரி, சோர்ஸ் யாருக்கு? என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வைத்துக்கொண்டு, கணக்கை அந்தக் கார்டிலேயே செய்யும் ஓப்பன்சிவியின் ‘கூடா’ பகுதிகளை ஓட்ட வேண்டியவருக்கு. பிப்பில் வரும் கோப்பில் ‘கூடா’ கிடையாது. படத்தின் அடையாளப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் சர்ஃப் அல்காரிதம் வேண்டுமென்றாலும் காப்புரிமை காரணமாக நாமே கம்பைல் செய்தாக வேண்டும். அதே வேலை செய்யும் சிஃப்ட்டுக்காகக் கம்பைல் செய்யச் சொல்லும் அறிவுரை மட்டும் காலாவதி: 2020-இல் அதன் காப்புரிமை முடிந்தது, 4.4 பதிப்பிலிருந்து அது முதன்மைத் தொகுப்பிலேயே வந்துவிடுகிறது.

சோர்ஸ்தான் என்று முடிவானால் முதல் செலவு டேட்டா. சோர்ஸை இறக்கும் கிட் குளோன் கட்டளையில் ‘டெப்த் 1’ சேர்த்தால் பழைய வரலாறு முழுவதும் இறங்காது. சர்ஃப் மாதிரியானவை இருக்கும் கான்ட்ரிப் தொகுப்பையும் அதே பதிப்பு எண்ணில் எடுக்க வேண்டும். எண் மாறினால் பாதி வழியில் எரர் வரும்.

அப்புறம் சிமேக், கம்பைலுக்கு முன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் கருவி. ஓடி முடிந்ததும் நீளமாக ஒரு பட்டியல் வரும். பலரும் அதைப் படிக்காமல் கம்பைலைத் தொடங்கும் மேக் கட்டளைக்குத் தாவிவிடுகிறார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது. ‘பைத்தான் 3’ என்ற தலைப்பின் கீழே இன்டர்பிரட்டர், லைப்ரரிஸ், நம்பை, இன்ஸ்டால் பாத் என்று வரிகள் இருக்கும். அந்தத் தலைப்பே இல்லையென்றாலும், லைப்ரரிஸ் வரியில் ‘நோ’ என்றிருந்தாலும், மணிக்கணக்கில் கம்பைல் ஆன பிறகு பைத்தான் ‘சிவி2 என்று எதுவும் இல்லை’ என்றுதான் சொல்லும் (பைத்தானில் ஓப்பன்சிவியின் பெயர் சிவி2). எஃப்எஃப்எம்பெக் வரியில் ‘நோ’ என்றால் பல வீடியோக்கள் திறக்காது. ஜன்னல் வரையும் ஜிடிகே, க்யூடி இரண்டுமே இல்லையென்றால், படத்தைத் திரையில் காட்டும் இம்ஷோ வேலை செய்யாது. விட்டுப்போன டெவலப்மென்ட் தொகுப்புகளை ஆப்ட்டில் போட்டுவிட்டு, பில்டு ஃபோல்டரைக் காலி செய்து சிமேக்கை மறுபடி ஓட்டுங்கள். டெஸ்டுகளையும் எக்ஸாம்பிள்களையும் ஆஃப் செய்துவிட்டால் நேரம் நன்றாகக் குறையும்.

4 ஜிபி ரேம் லேப்டாப்பில் மேக்குக்கு ‘ஜே8’ (ஒரே நேரத்தில் எட்டு வேலை) கொடுத்தால், ‘கில்டு’ என்று ஒரு வரி வந்து எல்லாம் நிற்கலாம். கோடில் தப்பு இல்லை. நினைவகம் போதாமல் லினக்ஸே கம்பைலரைக் கொன்றுவிட்டது. ‘ஜே2’ போடுங்கள், மெதுவாக ஆனாலும் முடியும். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை என்று பேப்பரில் வந்திருக்கும் நாளில் இதைத் தொடாதீர்கள். நடுவில் கரன்ட் போனாலும் பதற வேண்டாம்: மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதியில் எழுதிய கோப்பு கெட்டிருந்து லிங்க் ஆகும்போது எரர் காட்டினால், அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் போதும்.

இன்ஸ்டால் ஆனதும் இடம் அடைக்கிறதே என்று பில்டு ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். ‘மேக் அன்இன்ஸ்டால்’ அங்கிருந்துதான் ஓடும். ஆப்ட்டில் போட்டதும் சோர்ஸில் போட்டதும் ஒரே கணினியில் இருந்து, எது எதைக் கூப்பிடுகிறது என்று தெரியாமல் முழிக்கும்போது அது கட்டாயம் வேண்டும்.

வயலில் கேமராவோடு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைக்கிறவர்கள் இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸிலும் பிப் பெரும்பாலும் ரெடிமேட் கோப்பையே எடுத்துக்கொள்ளும்.