சிவப்புச் சராஃபான்: பேண்ட் இசைத்தாள் தொகுப்பு பற்றிய மதிப்புரை

ரஷ்யக் கிராமப் பெண்களின் சராஃபான் உடையைப் பாடும் பழைய மெட்டொன்றைக் கான்சர்ட் பேண்டுக்கு (காற்றுக்கருவிகளும் தாளவாத்தியங்களும் கொண்ட குழுவுக்கு) அமைத்துத் தரும் இசைத்தாள் தொகுப்பை இணையத்தில் வாங்கி, கோபிசெட்டிபாளையத்தில் நான் பயிற்சியளிக்கும் பள்ளி மாணவர்களைக் கொண்டு வாசித்துப் பார்த்தோம். சராஃபான் என்பது முழுக்கைச் சட்டையின்மேல் அணியும் கையில்லாத நெடிய அங்கி. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பீட்டர் மன்னர் பிரபுக்களை ஐரோப்பிய உடைக்கு மாற்றிய பின்னும், உழவர் வீட்டுப் பெண்கள் அதைக் கைவிடவில்லை. அலெக்சாந்தர் வர்லாமோவ் 1830-களில் இசையமைத்த இந்தப் பாட்டில், தனக்குச் சிவப்புச் சராஃபான் தைக்க வேண்டாம் என்று மகள் மறுக்க, இளமை நிலையாது என்று தாய் எடுத்துரைக்கிறாள். சிவப்புச் சராஃபான் மணப்பெண்ணின் உடை என்று சொன்னதுமே, கூறைப்புடவை எடுக்கும் சடங்கை வீட்டில் கண்டு வளர்ந்த எங்கள் மாணவிகள் அந்த மகளின் மனநிலையைப் புரிந்துகொண்டனர்.

இந்த அமைப்பின் சிறப்பே அந்த உரையாடலைக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுத்த விதத்தில்தான் இருக்கிறது. மகளின் வரிகளைக் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் ஏற்க, தாயின் பதிலை யூஃபோனியம் என்னும் பித்தளைக் கருவி தாழ்ந்த குரலில், அவசரமின்றிச் சொல்கிறது. அப்போது ட்ரம்பெட்டுகளை முழுவதுமாக ஓய்வில் வைத்திருப்பது பேண்டுக்கு இதை அமைத்தவரின் நல்ல ரசனைக்குச் சான்று. எங்களிடம் ஓபோ என்னும் மரக்குழல் கருவி இல்லை. அதன் தனி வரிகளைக் கிளாரினெட் தாளிலும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததால் சிக்கலின்றி வாசித்தோம்.

இறுதிப் பகுதிதான் எனக்கு உடன்பாடில்லை. ட்ராம்போன்களும் ஸ்னேர் டிரம்மும் மெட்டை அணிவகுப்பாக மாற்றிவிடுகின்றன. தயங்கி நிற்கும் மகளுக்கும் இந்த ஆரவாரத்துக்கும் தொடர்பில்லை. (முகூர்த்த மாதங்களில் எங்கள் ஊர்த் தெருக்களில் இந்த வகை வாசிப்புக்குக் குறைவே கிடையாது.) தாளவாத்தியங்களை மட்டும் மென்மையாக வாசிக்கச் செய்ததும் அந்தப் பகுதி ஓரளவு தேறியது.

தாள்கள் 9-க்கு 12 அங்குல அளவில் வடிவமைக்கப்பட்டிருப்பதால், ஏ4-இல் அச்சிட்டால் எழுத்துகள் சுருங்கி, பின்வரிசையில் அமர்வோருக்குத் தெரிவதில்லை. ஜெராக்ஸ் கடையில் ஏ3-இல் எடுத்து ஓரங்களை வெட்டிக்கொள்வது நல்லது. விற்பனையாளர் இதைப் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கலாம். கிளாரினெட் வரிசை வலுவாக உள்ள பேண்டுகள் தயங்காமல் வாங்கலாம். பித்தளைக் கருவிகளையே நம்பியிருக்கும் குழுக்களுக்கு இதன் முதற்பாதி கைகூடாது.