லிஃப்ட் போல இறங்கும் புரதம்: எந்தக் கருவிக்கு எது தெரிகிறது?

செல்லைச் சூழ்ந்த சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களின் வடிவத்தையும் அசைவையும் ஆராய எந்த முறை சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், விடை சொல்பவரின் ஆய்வகத்தில் எந்தக் கருவி இருக்கிறதோ அதுவே பெரும்பாலும் விடையாக வரும். ஆகவே ஒரே புரதத்தை நடுவில் வைத்து, ஒவ்வொரு முறையும் அதைப் பற்றி என்ன சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்று பார்ப்பதே நியாயம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது ஜிஎல்டி-பிஎச். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் ஏறக்குறையக் கொதிநிலையில் வாழும் பைரோகாக்கஸ் ஹோரிகோஷியை என்ற நுண்ணுயிரின் சவ்வில் இருக்கும் இந்தப் புரதம், மூன்று சோடியம் அயனிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலத்தை உள்ளே கடத்துகிறது. நமது மூளையில் நரம்புச் சந்திப்புகளில் தேங்கும் குளூட்டமேட் என்ற சமிக்ஞைப் பொருளை அள்ளி அகற்றும் கடத்திகளுக்கு இது தூரத்து உறவு.

முதலில் வந்தது, புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சி அதன் வடிவத்தைக் கணிக்கும் எக்ஸ் கதிர்ப் படிகவியல். 2004-இல் எரிக் குவோவின் குழு வெளியிட்ட 3.5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கமுள்ள அமைப்பில், ஒரே மாதிரியான மூன்று அலகுகள் சேர்ந்து, செல்லின் வெளிப்புறம் நோக்கித் திறந்த ஒரு கிண்ணம் போல நின்றன. வாசல் தெரிந்ததே தவிர, சரக்கு உள்ளே போகும் வழி தெரியவில்லை. 2009-இல் ஓல்கா புட்கரின் குழு அதற்கு ஒரு சாமர்த்தியமான வழியைக் கண்டது. புரதத்தின் ஒரு பகுதி கீழே இறங்கினால் மட்டுமே ஒன்றையொன்று நெருங்கக்கூடிய இரண்டு இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களை வைத்து, அவற்றைப் பாதரச அணுவால் பிணைத்துப் படிகமாக்கினார்கள். சரக்கைச் சுமக்கும் பகுதி முழுவதும் லிஃப்ட் போல 15 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல் செல்லின் உட்புறம் நோக்கி இறங்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. மேல்தளமும் கீழ்த்தளமும் கிடைத்துவிட்டன. ஆனால் இரண்டாவது படம் கட்டிப்போட்டு எடுத்த படம் என்பதையும், லிஃப்ட் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்பதைப் படிகம் ஒருபோதும் சொல்லாது என்பதையும் மறக்கக்கூடாது. தவிர, சவ்விலிருந்து டிடர்ஜென்ட் கொண்டு பிரித்தெடுத்த புரதம் படிகத்துக்குள் அண்டை மூலக்கூறுகளோடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது; அந்த நெருக்கத்துக்கு ஒத்துவரும் நிலைதான் படமாக வரும்.

புரதக் கரைசலைச் சட்டென்று உறையவைத்து எலெக்ட்ரான்களால் படமெடுக்கும் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு இந்த நெருக்கடி இல்லை. மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 வாயிற்புரதத்தின் அமைப்பு 2013-இல் படிகமே இல்லாமல் 3.4 ஆங்ஸ்ட்ராமில் வெளிவந்தபோதுதான், சவ்வுப் புரதக்காரர்கள் பலர் படிகத் தட்டுகளை மூடிவைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். வேலை பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றும்: 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வலைத்தகட்டில் சுமார் 3 மைக்ரோலிட்டர் கரைசலை விட்டு, உறிஞ்சுதாளால் ஓரிரு வினாடி ஒற்றி, திரவ ஈத்தேனில் சட்டென்று முக்கிவிட வேண்டும். ஒற்றியது குறைந்தால் பனி தடித்துப் புரதம் கண்ணுக்குத் தெரியாது; கூடினால் புரதமே தாளோடு போய்விடும். நல்ல தகடு கிடைக்கும்வரை நாள்கள் போவதுண்டு. கிடைத்துவிட்டாலோ, பல்லாயிரக்கணக்கான துகள்களை, அதாவது தனித்தனிப் புரதங்களின் படங்களை, கணினி நிலைவாரியாகப் பிரித்துத் தருகிறது. ஜிஎல்டி-பிஎச்சைக் கொழுப்பு மூலக்கூறுகளாலான நானோடிஸ்க் என்ற குட்டிச் சவ்வு வட்டில் வைத்துப் பார்த்தபோது, லிஃப்ட் இறங்கிய நிலையில் சுற்றியுள்ள சவ்வும் வளைந்துகொடுப்பது தென்பட்டது. டிடர்ஜென்ட்டில் வளர்ந்த படிகம் காட்ட முடியாத செய்தி இது. வடிவம் மட்டுமே கேள்வியானால், இன்று நான் தயங்காமல் கிரையோவையே சொல்வேன். சிறிய புரதங்களுக்கு மட்டும் அது திணறும். பிடிமானத்துக்கு ஓர் எதிர்ப்பொருள் துண்டை ஒட்டவைக்க வேண்டியிருக்கும். எந்த முறையில் வந்தாலும், ஒவ்வொரு மாதிரியும் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழுவினர், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்ட வரைந்த வரைபடத்தில்தான் தேர்வெழுத வேண்டியிருக்கிறது என்பது நம்மவர்கள் அடிக்கடி மறக்கும் சங்கதி.

ஆனால் கிரையோவிலும் காலம் உறைந்துதான் கிடக்கிறது. எந்த நிலையில் எத்தனை துகள் என்று எண்ணலாம். ஒரு துகள் எப்போது நிலை மாறும் என்று கேட்க முடியாது. அதைக் கேட்கத் தெரிந்தது, இரண்டு சாயங்களுக்கிடையே தாவும் ஒளியாற்றலை வைத்து அவற்றின் தூரத்தை அறியும் ஒற்றை மூலக்கூறு ஃபிரெட். இரண்டு அலகுகளின் நகரும் பகுதிகளில் பச்சைச் சாயம் ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று என ஒட்டி, புரதத்தைக் கண்ணாடியில் பொருத்தி லேசர் ஒளி பாய்ச்சினால், திரையில் இரண்டு கோடுகள் ஓடும். சாயங்கள் நெருங்கும்போது பச்சை தாழ்ந்து சிவப்பு எழும், விலகும்போது நேரெதிர். 2013-இல் புட்கர், ஸ்காட் பிளான்சார்ட் குழுக்கள் இப்படிப் பார்த்தபோது, ஜிஎல்டி-பிஎச் சீராக ஏறி இறங்கவில்லை; நீண்ட நேரம் அசையாமல் கிடந்து, திடீரென்று சிலமுறை துள்ளி, மறுபடி அடங்கியது. படிகங்கள் இரண்டையும் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இது கிடைத்திருக்காது. குறை என்னவென்றால், பல்லாயிரம் அணுக்கள் கொண்ட புரதத்தைப் பற்றி ஒரே ஒரு தூரம்தான் தெரிகிறது. சாயம் வெளுத்துவிட்டால் அதுவும் முடிந்தது.

டியர் எனப்படும் எலெக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு முறை இதற்குப் போட்டி. சாயத்தைவிட மிகச் சிறிய காந்த அடையாளங்களை ஒட்டி, ஏறத்தாழ 15 முதல் 80 ஆங்ஸ்ட்ராம் வரையிலான தூரங்களின் பரவலை அளக்கிறது. மேல்நிலை, கீழ்நிலை இரண்டும் கொழுப்புச் சவ்விலேயே கலந்திருப்பதை அது காட்டியதால், பாதரசத்தால் கட்டிய நிலை செயற்கையோ என்ற ஐயம் பெருமளவு தீர்ந்தது. ஆனால் மாதிரியை உறையவைத்தே அளப்பதால் இங்கும் கடிகாரம் இல்லை. நுண்ணிய ஊசிமுனையால் மேற்பரப்பைத் தடவி உயரத்தை அளக்கும் அதிவேக அணுவிசை நுண்ணோக்கி எந்த அடையாளமும் ஒட்டாமல், சவ்வில் ஒவ்வோர் அலகும் தன்போக்கில் மேலும் கீழும் போவதை 2017-இல் நேரடியாகவே காட்டியது. இந்தப் புரதத்தின் அசைவு செங்குத்தாக அமைந்தது அந்தக் கருவியின் அதிர்ஷ்டம். பக்கவாட்டில் சிறிதளவே அசையும் புரதமாக இருந்தால் இவ்வளவு தெளிவு வந்திருக்காது. இத்தனை பெரிய மூவலகுப் புரதத்தை முழுதாக வரைய, அணுக்கருக்களின் காந்த ஒத்ததிர்வை அளக்கும் என்எம்ஆர் ஏற்றதல்ல. கணினி உருவகப்படுத்தல் எல்லா அணுக்களையும் காட்டும். ஆனால் அது வழக்கமாக எட்டுவது மைக்ரோவினாடிகளை, இந்தக் கடத்திக்கோ அறை வெப்பநிலையில் ஒரு சுற்று முடிய நிமிடக்கணக்கில் ஆகிறது.

அசைவுக்கு என் வாக்கு ஃபிரெட்டுக்குத்தான். ஆனால் இந்தப் புரதத்தின் வழக்கில் அதற்குச் சாதகமாகச் சாட்சி சொன்னது மந்தகதி. கொதிநீரில் வாழப் பிறந்த புரதம் அறை வெப்பநிலையில் சோம்பிக் கிடப்பதால்தான் கேமராவுக்கு அது பிடிபட்டது. வினாடிக்குப் பலமுறை சுழலும் மனிதக் குளூட்டமேட் கடத்தியை அதே கேமராவின் முன் வைத்தால், ஒவ்வொரு பிம்பத்திலும் மேலும் கீழும் கலந்த சராசரி ஒன்றுதான் பதிவாகும்.