ரிங்லெட் பக்கம் ‘25 வெள்ளிக் கட்டில்’: மலையேறும் கிளப் விடுதிக்குப் பணம் கட்டுமுன் படியுங்கள்

பள்ளி விடுமுறை வருகிறது. கேமரன் மலையின் ரிங்லெட் பக்கத் தோட்டமொன்றில் பழைய கிராணி (தோட்டக் குமாஸ்தா) வீட்டை விடுதியாக நடத்தும் மலையேறும் கிளப்பின் போஸ்டர் வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. ‘ஆளுக்கு ஓர் இரவு 25 வெள்ளி (ரிங்கிட்) மட்டுமே’ என்கிறது. அந்த விலைக்கு அங்கே தங்க முடியாது.

பத்துப் பேர் இரண்டு இரவு தங்கியதற்கு வந்த பில் இது. கட்டிலுக்கு 500. போஸ்டரில் இருப்பது இதோடு சரி. பையை இறக்கி வைத்த பிறகுதான், 25 வெள்ளி உறுப்பினருக்கு மட்டும் என்று தலைக்கு 20 வெள்ளி ‘தற்காலிக உறுப்பினர்’ கட்டணம் கேட்டார்கள், அது 200. கம்பளிக்கும் தலையணைக்கும் ஆளுக்கு 8 வீதம் 80. அடுப்படி நாளுக்கு 60, இரண்டு நாளைக்கு 120. சுடுதண்ணீர் ஆளுக்கு இரவுக்கு 5, அது 100. ஆக 1,000. அதன் தலையில் விற்பனை, சேவை வரியான ‘எஸ்எஸ்டி 8 விழுக்காடு’ என்று 80. கிளம்பும்போது 300 வெள்ளி டெபாசிட்டில் 150ஐக் ‘கிளீனிங்’ என்று பிடித்துக்கொண்டார்கள். கூட்டிக் கழித்தால் ஆளுக்கு ஓர் இரவு 61 வெள்ளி 50 சென். இருவருக்கு 123 வெள்ளி. வாரநாளில் இந்தப் பணத்துக்குப் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் குளியலறையோடு தனி அறையே எடுக்கலாம்.

இதில் துணிச்சலான வேலை அந்த 8 விழுக்காடுதான். தங்குமிடத்துக்கான சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு என்பது உண்மை. ஆனால் 12 மாத வருமானம் 500,000 வெள்ளியைத் தாண்டி, சுங்கத் துறையில் பதிவு செய்தவர்தான் அதை வசூலிக்கலாம். இருபது கட்டில் விடுதி, வருடம் 365 நாளும் நிரம்பி வழிந்தாலும், 25 வெள்ளிக் கணக்கில் 182,500தான் வரும். சேவை வரிப் பதிவு எண் பில்லில் அச்சாகியிருக்கிறதா பாருங்கள்; இல்லையென்றால் அந்த வரியைக் கொடுக்காதீர்கள். சுங்கத் துறையின் மைஎஸ்எஸ்டி இணையத்தளத்தில் விடுதியின் பெயரைத் தட்டியும் பார்க்கலாம். சில இடங்களில் ‘சுற்றுலா வரி’ என்று ஓர் அறைக்கு 10 வெள்ளி கேட்பார்கள். அது வெளிநாட்டவருக்கு மட்டும்; மைகார்ட் (மலேசிய அடையாள அட்டை) உள்ளவரிடம் கேட்கக் கூடாது.

சுடுதண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டரில் ஆளுக்கு ஆறு நிமிடம், பத்துப் பேருக்கு ஒரு மணி நேரம். 3.6 யூனிட் கரண்ட். யூனிட் 50 சென் என்றே வைத்தாலும் 1 வெள்ளி 80 சென். அதற்கு வாங்கியது இரவுக்கு 50 வெள்ளி! அப்படியும் தண்ணீர் சுடவில்லை. தொட்டி குளியலறைக் கூரையை ஒட்டி, ஷவருக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மீட்டருக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பம்ப் இல்லாத ஹீட்டர் பெரும்பாலும் அதில் வேலையே செய்யாது, விளக்கு மட்டும் எரியும். பணத்தை எடுக்குமுன் ஷவரைத் திறந்து இரண்டு நிமிடம் கையை நீட்டிப் பாருங்கள். ரிங்லெட்டின் விடியற்காலைக் குளிர் விளையாட்டல்ல.

அடுப்படிக் கட்டணத்துக்கு ‘கேஸ் செலவு’ என்று காரணம் சொல்வார்கள். வீட்டு உபயோகத்துக்கான 14 கிலோ சிலிண்டரின் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி 60 சென். இரண்டு நாள் சமையலுக்கு ஒரு முழுச் சிலிண்டர் தீராது.

தற்காலிக உறுப்பினர் கதை வெறும் 20 வெள்ளி விஷயமில்லை. கையெழுத்துப் போட்டபின் நீங்கள் வாடிக்கையாளர் இல்லையாம், உறுப்பினராம். புகார் இருந்தால் செயற்குழுவில் பேச வேண்டுமாம். அதனால் கிளப்பின் சட்டவிதியைக் கேளுங்கள். அப்படியொரு உறுப்பினர் வகை அதில் இருக்க வேண்டும். சங்கப் பதிவிலாகாவில் பதிந்த சங்கத்துக்கு பிபிஎம் என்று தொடங்கும் எண் இருக்கும். விளையாட்டுக் கிளப் என்றால் விளையாட்டு ஆணையர் அலுவலகப் பதிவு. இரண்டுமில்லாமல் செயலாளரின் சொந்தக் கணக்கில் பணம் போடச் சொன்னால், மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைச் சோதியுங்கள்.

மலையேற்றத்துக்கு ‘பெர்மிட் உட்பட’ என்று சொன்னால் அதை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஈராவ் மலைக்கு வன இலாகா பெர்மிட் வேண்டும். உங்கள் பெயர், தேதி, பாதை மூன்றும் அதில் இருக்க வேண்டும். போன மாதத்துக் குழுவின் நகல் செல்லாது. பெர்மிட் இல்லாமல் காப்புக்காட்டில் நுழைந்தால் 1984 தேசிய வனச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டிக்கொள்வது மலையில் நிற்கிற நீங்கள்.

டெபாசிட் கொடுப்பதற்கு முன் மெத்தையின் அடிப்பக்கம், சுவர்ப் பூஞ்சணம், உடைந்த ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் படமெடுத்து, அங்கிருந்தபடியே அவர்களுடைய வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். நேரம் தானாகப் பதிந்துவிடும். முழு விலையையும் எழுத்தில் கேளுங்கள். ‘வந்து பேசிக்கலாம்’ என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பாரம் 1 (கோரிக்கைப் படிவம்) நிரப்பலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், கோரிக்கை 50,000 வெள்ளி வரை. ‘உறுப்பினர்’ வாதம் அங்கேயும் வரும். ஆகவே போஸ்டர், பணம் அனுப்பிய சீட்டு, ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனித் தொகை போட்ட ரசீது மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ரசீதில் வெறும் ‘நன்கொடை’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.